ஒரு நோய், மூன்று பாடங்கள்: உயிரியல் கலைச்சொற்களை மறக்காமல் கற்க ஒரு வழிகாட்டி

உயிரியல் பாடநூலின் பின்பக்கங்களில் கலைச்சொல் பட்டியல் இருக்கும். தேர்வுக்கு முந்தைய இரவு அதை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தெரியும், மறுநாள் மாலைக்குள் பாதிச் சொற்கள் காணாமல் போய்விடும். ‘அல்லீல்’ என்றால் என்ன, ‘ஆன்டிஜென்’ என்றால் என்ன என்று தனித்தனியே ஒரு வரி சொல்லத் தெரிந்தவர்கூட, இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் திணறுகிறார். சொற்களுக்கு வேலை எதுவும் கொடுக்காமல் வரிசையில் நிற்க வைத்ததன் விளைவு இது.

மரபியல், நோய்த்தடுப்பியல், பரிணாமம் மூன்றுக்கும் பாடநூலில் மூன்று தனி அலகுகள் உண்டு. ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் நோய் ஒன்று இருக்கிறது: அரிவாள் செல் இரத்தசோகை. ஆப்பிரிக்காவின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்ட இது, இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது நம் நீலகிரியில்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடியினரின் இரத்தத்தில் அதைக் கண்டார்கள். இந்த ஒரு நோயைப் பின்தொடர்ந்து சென்றால் நமக்குத் தேவையான சொற்களில் பெரும்பாலானவை வழியிலேயே எதிர்ப்படும். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். ஓரிடத்தில் கட்டம் வரைய வேண்டிவரும்.

தொடங்கும் முன்: இரண்டு கரை, இரண்டு சொல்

தமிழில் உயிரியல் படிப்பவருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘செல்’ என்பதை இலங்கைப் பாடநூல் ‘கலம்’ என்கிறது. நம் குரோமோசோம் அங்கே நிறமூர்த்தம். மரபணு அங்கே பரம்பரையலகு, சடுதிமாற்றம் அங்கே விகாரம், பரிணாமம் அங்கே கூர்ப்பு, எதிர்ப்பொருள் அங்கே பிறபொருளெதிரி. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்தே கிடைக்கும் என்பதால், நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வடிவங்களையும் எழுதிக்கொள்வது நல்லது. ‘பிறபொருளெதிரி’ நாக்கைச் சுளுக்க வைத்தாலும் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. பிறபொருளை எதிர்ப்பது என்று தன் வேலையைத் தானே சொல்லிவிடுகிறது. ஆனாலும் இங்கே தமிழ்நாட்டு வழக்கையே பின்பற்றுகிறேன்.

படி 1: நோயாளியின் இரத்தத்தைப் பாருங்கள்

நலமாக உள்ளவரின் இரத்தச் சிவப்பணு வட்டமானது, இருபுறமும் நடுவில் குழிந்தது. எலும்பு மஜ்ஜையில் உருவாகி, ஏறத்தாழ 120 நாள் உழைத்து, பெரும்பாலும் மண்ணீரலில் அழிக்கப்படுகிறது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. இந்தத் தகவலை அடிக்கோடிட்டு வையுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு மாணவரின் இரத்தத்தில் வளைந்து நீண்ட, அரிவாள் போன்ற அணுக்கள் இருந்ததைப் பதிவு செய்தார். அணுக்கள் இப்படி வளையக் காரணம் உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின். அது ஒரு புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் பூப்போல் தொடுக்கப்பட்ட மாலை. ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என நான்கு சரங்கள் உண்டு. பீட்டா சரத்தின் 146 அமினோ அமிலங்களில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்த நோயாளிகளிடம் அங்கே வேலின் இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

அந்த ஒரு பூ மாறியதால், ஆக்சிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கம்பிகளாக நீள்கின்றன. கம்பிகள் அணுவை வளைக்கின்றன, வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. தாங்க முடியாத வலி, சோகை, உறுப்புச் சேதம் எல்லாம் அங்கிருந்து தொடங்குகின்றன.

படி 2: புரதத்திலிருந்து மரபணுவுக்கு

ஒரு அமினோ அமிலம் மாறியது என்றால் அதை எழுதிவைத்த ஏட்டில் பிழை இருக்க வேண்டும். அந்த ஏடு டி.என்.ஏ. அடினைன் (ஏ), தைமின் (டி), குவானைன் (ஜி), சைட்டோசின் (சி) என்ற நான்கு காரங்களே அதன் எழுத்துகள். மூன்று எழுத்துகள் சேர்ந்தால் ஒரு அமினோ அமிலத்துக்கான குறியீடு. அதன் பெயர் கோடான். ஒரு புரதத்துக்கான செய்முறை எழுதப்பட்ட டி.என்.ஏ. பகுதி மரபணு. நீண்ட டி.என்.ஏ. இழை புரதங்களோடு சுருண்டு கட்டுக்கோப்பாக இருப்பது குரோமோசோம். நம் செல்லில் 23 இணை, அதாவது 46. எல்லா எழுத்துகளும் சேர்ந்த முழு நூல் மரபுத்தொகுதி. மனிதனில் ஒரு தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்து இணைகளும், புரதங்களுக்கான ஏறத்தாழ 20,000 மரபணுக்களும் உண்டு.

நாளிதழ்கள் ‘டி.என்.ஏ. சோதனை’யை ‘மரபணு சோதனை’ என்று எழுதிவிடுகின்றன. டி.என்.ஏ. என்பது தாளும் மையும், மரபணு என்பது அதில் எழுதிய ஒரு செய்முறை. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதி மரபியல் எளிதாகிவிடும்.

பீட்டா சரத்தின் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அங்கே ‘ஜி-ஏ-ஜி’ என்றிருக்க வேண்டிய கோடான் ‘ஜி-டி-ஜி’ ஆகிவிட்டது. எழுத்தில் ஏற்படும் இத்தகைய மாற்றமே சடுதிமாற்றம். ஒரே எழுத்து மாறினால் புள்ளிச் சடுதிமாற்றம். மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ.வாக நகல் எடுப்பது படியெடுத்தல். அந்த நகலைப் படித்து அமினோ அமிலங்களைக் கோப்பது மொழிபெயர்ப்பு. மூலத்தில் பிழை என்பதால் நகலிலும் பிழை, புரதத்திலும் பிழை. 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் இதை ‘மூலக்கூறு நோய்’ என்றார்கள். 1957இல் வெர்னன் இங்ரம் அந்த ஒற்றை அமினோ அமிலத்தையே சுட்டிக்காட்டினார். ஒரு நோயின் வேர் ஒரு புரதத்தின் ஒரே ஓர் இடம்வரை தோண்டப்பட்டது அதுதான் முதல் முறை.

படி 3: கட்டம் வரையுங்கள்

ஒவ்வொரு மரபணுவுக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும். ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள் அல்லீல்கள். வழக்கமான பீட்டா அல்லீலை ‘ஏ’ என்போம், அரிவாள் அல்லீலை ‘எஸ்’ என்போம். இரண்டும் ஒன்றாக இருந்தால் (ஏ-ஏ அல்லது எஸ்-எஸ்) அவர் ஒத்த பண்பிணை உடையவர். வெவ்வேறாக (ஏ-எஸ்) இருந்தால் மாறுபட்ட பண்பிணை உடையவர். உள்ளே எந்த அல்லீல்கள் இருக்கின்றன என்பது மரபணு வகை. வெளியே என்ன தெரிகிறது என்பது புறத்தோற்றம்.

இப்போது இரண்டுக்கு இரண்டாக நான்கு அறைகள் வரையுங்கள். மேலே தாயின் அல்லீல்கள்: ஏ, எஸ். இடப்பக்கம் தந்தையின் அல்லீல்கள்: ஏ, எஸ். அறைகளை நிரப்பினால் ஒன்றில் ஏ-ஏ, இரண்டில் ஏ-எஸ், ஒன்றில் எஸ்-எஸ் வரும். ஆக, பெற்றோர் இருவரும் ஏ-எஸ் என்றால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. நோயின்றி அல்லீலை மட்டும் சுமப்பவராக, அதாவது கடத்தியாக, இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு.

இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். ‘நான்கில் ஒன்று என்றால், முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றுக்கும் வராது’ என்று கணக்குப் போடுகிறார்கள். அல்லீல்களுக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு பிறப்பிலும் கட்டம் புதிதாக நிரப்பப்படுகிறது, ஒவ்வொரு முறையும் அதே 25 விழுக்காடு.

அடுத்தது ஓங்கு, ஒடுங்கு. மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்விலிருந்து வந்த கருத்து இது. மாறுபட்ட பண்பிணையில் எந்த அல்லீலின் பண்பு வெளியே தெரிகிறதோ அது ஓங்கு, எதன் பண்பு மறைந்திருக்கிறதோ அது ஒடுங்கு. ஓங்கு என்றதும் வலிமையானது, நல்லது, பலரிடம் இருப்பது என்றெல்லாம் மனம் ஓடும். மூன்றும் தவறு. தவிர, ஒரே அல்லீலே நாம் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஓங்காகவும் ஒடுங்காகவும் தெரியும். நோய் என்ற அளவில் எஸ் ஒடுங்கு, ஏனெனில் ஏ-எஸ் உடையவருக்குப் பொதுவாக நோய் இல்லை. ஆனால் அவர் இரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகையும் இருக்கும். புரதத்தின் அளவில் இது இணை ஓங்குத்தன்மை.

கட்டத்தை மூடும் முன் நம் வீட்டுச் சங்கதி ஒன்று. தாய்மாமன், அக்காள் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணம் முடிப்பது தமிழ்க் குடும்பங்களில் புதிதல்ல. சொந்தத் திருமணம் நோயை உண்டாக்குவதில்லை. ஒரே பாட்டியிடமிருந்து வந்த ஒரே ஒடுங்கு அல்லீல் இருவழியாகவும் வந்து ஒரு குழந்தையிடம் சேரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. மாமன்–மருமகள் மணத்தில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரு பிரதிகளும் இப்படி ஒரே மூலத்திலிருந்து வரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகன்–மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று.

படி 4: மலேரியாவை உள்ளே விடுங்கள்

இங்கே கதை மாறுகிறது. பெண் அனோஃபிலஸ் கொசு கடிக்கிறது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலுக்குள் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். கொசுவின் உமிழ்நீரோடு வரும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அங்கே பெருகி, பிறகு சிவப்பணுக்களுக்குள் புகுகிறது. நோயை உண்டாக்கும் உயிரி என்பதால் அது நோய்க்கிருமி.

உடலின் முதல் வரிசைக் காவல் இயல்பு நோய்த்தடுப்பாற்றல். தோல், சளிப்படலம், காய்ச்சல், அயலானைக் கண்டால் அப்படியே விழுங்கும் விழுங்கு செல்கள் எல்லாம் இதில் அடங்கும். வேகமானது, ஆனால் ஆள் அடையாளம் பார்க்காது. இரண்டாவது வரிசை பெறப்பட்ட நோய்த்தடுப்பாற்றல். தயாராக நாள்கள் ஆகும், ஆனால் குறிபார்த்து அடிக்கும், அடித்ததை நினைவும் வைத்திருக்கும்.

குறி எது? ஆன்டிஜென். நோய்த்தடுப்பு மண்டலம் அடையாளம் கண்டு வினைபுரியும் மூலக்கூறு அது. கிருமியும் ஆன்டிஜெனும் ஒன்றல்ல. கிருமி ஆள் என்றால், ஆன்டிஜென் அவன் சட்டையின் பொத்தான். ஒரே கிருமியில் பல ஆன்டிஜென்கள் இருக்கும். வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்கள் இந்தப் பொத்தானுக்குப் பொருந்தும் ஒய் வடிவப் புரதத்தை உருவாக்குகின்றன. அதுதான் எதிர்ப்பொருள். எதிர்ப்பொருளையும் மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாட்டிக்கையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். முன்னது உடல் செய்வது, பின்னது பாக்டீரியாவை ஒடுக்க வெளியிலிருந்து கொடுக்கும் மருந்து. வெள்ளையணுக்களில் இன்னொரு வகையான டி செல்களில் ஒரு பிரிவு மற்ற செல்களுக்கு உதவுகிறது, இன்னொரு பிரிவு தொற்றிய செல்லையே கொல்கிறது. போர் முடிந்ததும் சில பி, டி செல்கள் நினைவு செல்களாகத் தங்குகின்றன.

இப்போது முதல் படியில் அடிக்கோடிட்டதைப் பாருங்கள். தொற்றிய செல் தனக்குள் இருக்கும் அயல் புரதத் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டினால்தான் கொல்லும் டி செல்லுக்குத் தெரியும். உட்கரு இல்லாத சிவப்பணுவில் அப்படிக் காட்டும் ஏற்பாடு இல்லை. காவலர் நுழைய வழியில்லாத வீட்டைத் தேடிப் பிடித்து மலேரியா ஒட்டுண்ணி குடியேறியிருக்கிறது. போதாததற்கு, கொடிய வகையான ஃபால்சிபாரம், தான் குடியிருக்கும் அணுவின் மேல் நீட்டும் புரதத்தை அடிக்கடி மாற்றுகிறது. அதற்கென்றே சுமார் 60 மரபணுக்களை வைத்திருக்கிறது. இதன் பெயர் ஆன்டிஜென் மாறுபாடு. தட்டம்மை ஒரு முறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுவதற்கும் தடுப்பாற்றல் கிடைக்கிறது. மலேரியாவிலோ பலமுறை தொற்றியபின் அரைகுறைத் தடுப்பாற்றல்தான் கிடைக்கிறது.

அந்த அரைகுறையும் எதிர்ப்பொருளால் வருவதே என்று காட்டியது 1961இல் வெளியான காம்பியா ஆய்வு. பலமுறை மலேரியா கண்ட பெரியவர்களின் எதிர்ப்பொருள்களைப் பிரித்து நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தியபோது, இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. குழந்தையின் உடல் உழைக்கவில்லை, கடன் வாங்கியது. ஆகவே இது மந்தத் தடுப்பாற்றல். தாயின் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகவும் சீம்பால் வழியாகவும் குழந்தைக்கு வருவதும், பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு ஊசியும் இதே வகை. சென்னைக்கு அருகில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சு, சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தப்படுகிறது. குதிரை உருவாக்கும் எதிர்ப்பொருளே நமக்கு மருந்து. நஞ்சை வாங்கித் தானே உழைத்த குதிரைக்குக் கிடைப்பது செயல்மிகு தடுப்பாற்றல், அதைக் கடன் வாங்கும் நமக்குக் கிடைப்பது மந்தத் தடுப்பாற்றல். ஒரே ஊசியில் இரண்டு சொற்கள்.

தடுப்பூசியும் செயல்மிகு வகையே. நோயைக் கொடுக்காமல் பொத்தானை மட்டும் காட்டி நினைவு செல்களை உருவாக்குவது. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் பரிந்துரைத்த முதல் மலேரியா தடுப்பூசி, ஒட்டுண்ணி கல்லீரலை அடைவதற்கு முன் அணிந்திருக்கும் மேலாடைப் புரதத்தைக் குறிவைக்கிறது. சிவப்பணுவுக்குள் போய்விட்டால் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று பார்த்தோமே.

‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று பொடியும் சூரணமும் விற்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மகரந்தம் போன்ற தீங்கற்ற ஆன்டிஜெனிடம் தடுப்பு மண்டலம் மிகையாகப் பாய்வது ஒவ்வாமை. தன் உடலின் செல்களையே தாக்குவது தன்தடுப்பு நோய். கூட்டினால் நல்லது என்று பொதுப்படச் சொல்ல இது சம்பளம் அல்ல.

எஸ்-எஸ் நோயாளியிடம் மீண்டும் வருவோம். வளைந்த அணுக்கள் மண்ணீரலின் குழாய்களைத் திரும்பத் திரும்ப அடைப்பதால் அது சிறு வயதிலேயே செயலிழக்கிறது. இரத்தத்தில் வரும் பாக்டீரியாக்களை வடிகட்டும் உறுப்பு மண்ணீரல். ஆகவே இந்தக் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் தொற்று உயிருக்கே ஆபத்தாகும். பென்சிலினும் தடுப்பூசியும் அவர்களுக்குக் கட்டாயமாவது இதனால்தான். மரபணுவில் ஒரு எழுத்து மாறி, தடுப்பாற்றலில் ஒரு கதவு திறந்துகொள்கிறது.

படி 5: இந்த அல்லீல் ஏன் அழியவில்லை?

பழைய காலத்தில் எஸ்-எஸ் குழந்தைகளில் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதை எட்டவில்லை. அப்படியானால் எஸ் அல்லீல் தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து மறைந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் அது ஏன் ஏராளமாக இருந்தது?

1954இல் ஆந்தனி ஆலிசன், கிழக்கு ஆப்பிரிக்கத் தரவுகளோடு விடை சொன்னார். மலேரியா எங்கே கடுமையோ அங்கே எஸ் அல்லீலும் மிகுதி. ஏ-எஸ் உடையவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பெரும் பாதுகாப்பு இருக்கிறது. இன்றைய கணக்கில் சுமார் 90 விழுக்காடு. மலேரியாவுக்கும் மரபுவழி இரத்த நோய்க்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்று தலசீமியாவை வைத்து 1949இலேயே ஊகித்தவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பின்னாளில் இந்தியாவில் குடியேறி 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான்.

ஏ-எஸ் உடையவரின் பாதுகாப்பு எதிர்ப்பொருளைச் சார்ந்ததல்ல. ஒட்டுண்ணி புகுந்த அணு எளிதில் வளைந்து மண்ணீரலில் அகற்றப்படுகிறது, ஆக்சிஜன் குறைந்த இடங்களில் அதற்குள் ஒட்டுண்ணி சரியாக வளர்வதும் இல்லை. ஆகவே இதைப் பெறப்பட்ட தடுப்பாற்றலோடு சேர்க்காதீர்கள். இது பிறவியிலேயே வரும் மரபுவழி எதிர்ப்புத்தன்மை.

இனிப் பரிணாமச் சொற்கள் தாமாகவே வரும். ஓரிடத்தில் வாழ்ந்து தமக்குள் இனம்பெருக்கும் ஒரே இனத்தவர் இனக்கூட்டம். அதில் ஒரு அல்லீலின் பங்கு அல்லீல் நிகழ்வெண். இந்த நிகழ்வெண் தலைமுறைகளினூடே மாறுவதே பரிணாமம். தனி ஆள் பரிணமிப்பதில்லை, கூட்டமே பரிணமிக்கிறது. சூழலுக்கேற்ப சில அல்லீல்களை உடையவர்கள் அதிகச் சந்ததியை விட்டுச்செல்வது இயற்கைத் தேர்வு. அப்படி விட்டுச்செல்லும் அளவே தகுதி. உடற்கட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மலேரியா நாட்டில் ஏ-எஸ் தகுதி மிக்கவர். மலேரியா இல்லாத ஊரில் அதே அல்லீலால் அவருக்கு ஆதாயம் ஏதுமில்லை.

இரண்டு பக்கமும் இழப்பு, நடுவில் ஆதாயம் என்பதால் இரு அல்லீல்களும் நிலைத்து நிற்பது சமன்படுத்தும் தேர்வு. நோட்டில் ஒரு சிறு கணக்கு: எஸ்ஸின் நிகழ்வெண் 0.1 என்று வைத்துக்கொண்டால், ஏ 0.9. எஸ்-எஸ் = 0.1 × 0.1 = 1 விழுக்காடு. ஏ-எஸ் = 2 × 0.9 × 0.1 = 18 விழுக்காடு. ஒருவர் நோயுற, 18 பேர் பாதுகாப்புப் பெறுகிறார்கள். இயற்கையின் கணக்கில் இரக்கத்துக்கு இடமில்லை என்பது இந்த இரண்டு எண்களிலும் தெரியும்.

மலேரியா வந்ததால் ‘தேவைக்காக’ இந்தச் சடுதிமாற்றம் உருவானது என்று சொல்லக்கூடாது. சடுதிமாற்றம் தற்செயலாக வருகிறது, மலேரியா அதைத் தேர்ந்து வைத்துக்கொள்கிறது. ‘பரிணாம வளர்ச்சி’ என்று நம் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘வளர்ச்சி’யையும் கத்தரித்துவிடுங்கள். எஸ் அல்லீல் பரவியது பரிணாமம்தான், அதில் எவர் வளர்ந்தார்?

இயற்கைத் தேர்வு தவிர வேறு வழிகளும் உண்டு. நீலகிரியின் இருளர், பணியர், குறும்பர் போன்ற சிறிய, தமக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகங்களில் வெறும் தற்செயலாலேயே நிகழ்வெண் ஏறியிறங்கலாம். அது மரபியல் நகர்வு. மக்கள் கலக்கும்போது அல்லீல்கள் ஒரு கூட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவது மரபணு ஓட்டம். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 13 பேரில் ஒருவரே இன்று கடத்தி. மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளைவிட இது குறைவு. மரபணு ஓட்டமும் மலேரியா இல்லாமையும் சேர்ந்த விளைவு இது. ஒட்டுண்ணியும் சும்மா இருக்கவில்லை. குளோரோகுயின் மருந்துக்கு மசியாத வகைகள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பல நாடுகளில் அம்மருந்தைப் பயனற்றதாக்கிவிட்டன.

பொது மூதாதை என்ற சொல்லுக்கும் இதே புரதம் போதும். மனிதனின் பீட்டா சரத்தையும் சிம்பன்சியின் பீட்டா சரத்தையும் பக்கத்தில் வைத்தால் 146 அமினோ அமிலங்களும் அச்சு அசலாக ஒன்றே. கொரில்லாவினுடையதில் ஒன்று மாறியிருக்கிறது. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்ற வாசகத்தைவிட இந்த ஒப்பீடு துல்லியமானது: மனிதனும் சிம்பன்சியும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவர்கள்.

படி 6: ஒரு செய்தியைப் படித்துப் பாருங்கள்

கற்ற சொற்களைச் சோதிக்க இரண்டு செய்திகள். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் இந்திய அரசு அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047க்குள் நோயை ஒழிப்பதும் இலக்கு. ‘ஒழிப்பு’ எதைக் குறிக்கிறது? எஸ்-எஸ் பிறப்புகளையா, எஸ் அல்லீலையா? இரண்டு கடத்திகள் மணம் செய்யும் முன் தங்கள் மரபணு வகையை அறிந்துகொண்டால் முன்னதைக் குறைக்கலாம். பின்னது ஏ-எஸ் உடையவர்களிடம் சத்தமின்றித் தொடரும்.

இரண்டாவது, அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த ‘காஸ்ஜெவி’ சிகிச்சை. நோயாளியின் எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் கத்தரியால் திருத்தி, திரும்பச் செலுத்துகிறார்கள். பிழையான எழுத்தை அவர்கள் தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது நாம் பயன்படுத்தி, பிறந்த சில மாதங்களில் நிறுத்திவிடும் கருநிலை ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்க வைக்கும்படி, அதை அடக்கிவைத்திருக்கும் பூட்டை வெட்டுகிறார்கள். எஸ்-எஸ் குழந்தைகள் முதல் சில மாதங்கள் நலமாக இருப்பதன் காரணமும் இந்தக் கருநிலை ஹீமோகுளோபின்தான்.

கடைசியாக ஒரு கேள்வி, நோட்டில் விடை எழுதுங்கள். இந்தச் சிகிச்சையால் நலமான எஸ்-எஸ் பெண் ஒருவர், ஏ-எஸ் ஆணை மணக்கிறார். திருத்தப்பட்டவை இரத்தத்தை உருவாக்கும் உடற்செல்கள் மட்டுமே. கருமுட்டை உள்ளிட்ட இனச்செல்கள் தொடப்படவில்லை. மூன்றாம் படியின் கட்டத்தை மறுபடி வரைந்து, மேலே எஸ், எஸ் என்றும் பக்கத்தில் ஏ, எஸ் என்றும் எழுதி, நான்கு அறைகளையும் நிரப்புங்கள். எத்தனை அறைகளில் எஸ்-எஸ் வருகிறது?